கிரயமா, குத்தகையா?

2013 செப்டம்பர் 3ஆம் தேதி, நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்குக் கொடுப்பதாக அறிவித்தது. தொகை 544 கோடி யூரோ. செய்தித்தாள்கள் இந்த ஒற்றை எண்ணைத்தான் பெரிதாகப் போட்டன. உள்ளே இரண்டு கணக்குகள் இருந்தன. 379 கோடி யூரோ தொழிலுக்கு, அதாவது ஆட்கள், ஆலைகள், கருவிகளின் வடிவமைப்புகள். மீதி 165 கோடி யூரோ தொழில்நுட்பக் காப்புரிமைகளுக்கு. முதல் கணக்கு கிரயம். இரண்டாவது பத்தாண்டுக் குத்தகை. காப்புரிமைகளை நோக்கியா விற்கவே இல்லை. தன் பெயரில் வைத்துக்கொண்டு, பயன்படுத்தும் உரிமத்தை மட்டும் கொடுத்தது. அதே உரிமத்தை வேறு யாருக்கும் கொடுக்கும் வழியையும் அடைத்துக்கொள்ளவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் ஆலை வரித் தகராறில் மாட்டியிருந்ததால் அந்தக் கிரயத்தில் சேரவில்லை. 2014 நவம்பர் 1ஆம் தேதி அங்கே உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். எதை விற்கலாம், எதைக் கையை விட்டுப் போகாமல் வைத்திருக்க வேண்டும் என்று நோக்கியாவுக்குத் தெரிந்திருந்தது. அது தவறும் இல்லை. அறிவால் பிழைக்கும் யாரும் அப்படித்தான் செய்ய வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் வழியே போகும் நெடுஞ்சாலையில் தினமும் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் எஞ்சினியருக்கும் டெக்னீஷியனுக்கும் அதே தெரிவு ஏன் இல்லை என்பதுதான் என்னை இந்த ஆய்வுக்குள் இழுத்த கேள்வி.

இந்த வட்டாரத்துக்காரர்களுக்குக் கிரயத்துக்கும் குத்தகைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் எல்லாம் சிப்காட் தொழிற்பூங்காக்கள் ஆவதற்கு முன் ஏரியும் வயலும் மேய்ச்சலுமாக இருந்த மண். செங்கல்பட்டுச் சீமையின் பழைய வருவாய்ப் பதிவேடுகள் மேல்வாரம், குடிவாரம் என்ற சொற்களால் நிறைந்தவை. விளைச்சலில் உழுதவன் பங்கு எது, மேலுரிமை உள்ளவன் பங்கு எது என்று தலைமுறை தலைமுறையாக வாதாடிய ஊர்கள் இவை. கிரயம் எழுதிக்கொடுத்தால் நிலம் போயிற்று. வாரத்துக்கு விட்டால் ஒவ்வொரு அறுவடையிலும் நம் வீட்டு முற்றத்துக்கு மூட்டை வரும். காப்புரிமைச் சட்டத்தில் உரிமை மாற்றம் என்பது கிரயம். உரிமம் என்பது குத்தகை. ராயல்டி என்பது வாரம்.

இனி, வேலையில் சேரும் நாளுக்கு வருவோம். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரோடு ஒரு கட்டுக் காகிதம் வரும். சம்பளம், ஷிஃப்ட், நோட்டீஸ் காலம் வரை படிப்பார்கள். அதற்குப் பின்னால், பணிக்காலத்தில் நான் தனியாகவோ பிறரோடு சேர்ந்தோ உருவாக்கும் கண்டுபிடிப்புகள், மேம்பாடுகள், வரைபடங்கள் யாவற்றின் உரிமையையும் நிறுவனத்துக்கு மாற்றிக்கொடுக்கிறேன் என்ற பொருளில் ஒரு பத்தி இருக்கும். இருபத்திரண்டு வயதில், முதல் வேலையில், அதைப் படித்து நிறுத்திக் கேள்வி கேட்பவர் அரிது. கையெழுத்து விழுகிறது. இன்னும் பிறக்காத பிள்ளைக்குக் கிரயப் பத்திரம் எழுதியாகிவிட்டது.

அந்தக் கையெழுத்துக்கு ஏன் இவ்வளவு எடை? இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970, பணியாளரின் கண்டுபிடிப்பு யாருடையது என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: வேலையின் பகுதியாக எழுதியது, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளியுடையது. வடிவமைப்புகள் சட்டம், 2000, தக்க பிரதிபலன் பெற்று இன்னொருவருக்காக ஒரு வடிவத்தைச் செய்துகொடுத்தால் செய்வித்தவரே உரிமையாளர் என்கிறது. காப்புரிமைச் சட்டம் மட்டும் பேசவில்லை. 6ஆம் பிரிவின்படி விண்ணப்பிக்கக்கூடியவர் உண்மையான முதல் கண்டுபிடிப்பாளர், அல்லது அவரிடமிருந்து உரிமை பெற்றவர், அல்லது அவருடைய சட்டப் பிரதிநிதி. நிறுவனம் கண்டுபிடிப்பாளர் ஆகாது. பணம் போட்டதால் மட்டும் யாரும் கண்டுபிடிப்பாளர் ஆகிவிட முடியாது என்பது 1960இல் பதிவான மைசூர் உயர்நீதிமன்றத் தீர்ப்பிலேயே நிலைபெற்ற கருத்து.

ஆகவே கண்டுபிடிப்பு முதலில் பிறப்பது மனிதரிடம். அங்கிருந்து நிறுவனத்துக்குப் போக எழுத்து வேண்டும். 68ஆம் பிரிவு, உரிமை மாற்றமோ உரிமமோ எழுத்தில், முறைப்படி கையெழுத்தாகி, நிபந்தனைகள் எல்லாம் அடங்கிய ஆவணமாக இருந்தால்தான் செல்லும் என்கிறது. நிறுவனம் விண்ணப்பித்தால், விண்ணப்பிக்கும் உரிமை எப்படி வந்தது என்பதற்கு 7(2) பிரிவின்படி சான்று காட்ட வேண்டும். சட்டத்தின் இந்த மௌனம் தொழிலாளிக்கு எதிரானது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மௌனம் உரிமையை அவர் கையில்தான் வைக்கிறது. அவர் கையைத் திறக்க வைப்பது சேரும் நாளின் காகிதம். வாதாட வேண்டிய இடமும் அந்தக் காகிதம்தான்.

இந்தச் சாலையில் தொழில் நடத்தும் நாடுகளின் சொந்தச் சட்டங்களைப் பார்த்தால் விஷயம் இன்னும் துலங்கும். ஹூண்டாய் 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ரெனோ-நிசான் ஆலை 2010 மார்ச்சிலும், டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலை 2012 ஏப்ரலிலும் ஒரகடத்தில் திறக்கப்பட்டன. சாம்சங் சுங்குவார்சத்திரத்தில். கொரியா, ஜப்பான், ஜெர்மனி: மூன்று நாடுகளிலும் பணியாளர் கண்டுபிடிப்புக்கென்று தனிச் சட்டவிதிகள் உண்டு.

ஜப்பானின் காப்புரிமைச் சட்டம் 35ஆம் பிரிவில் சொல்வதைக் கவனியுங்கள். பணியாளர் தன் பணி சார்ந்த கண்டுபிடிப்புக்குத் தன் பெயரில் காப்புரிமை பெற்றால், முதலாளிக்குப் பயன்படுத்தும் உரிமம் தானாகவே கிடைக்கும். தனியுரிமம் அல்ல, சாதாரண உரிமம். நிலம் உழைத்தவருடையது, ஆலை ஓடுவதற்கு வழிவிடும் பாத்தியம் முதலாளிக்கு. முழு உரிமையும் வேண்டுமென்றால் முதலாளி விதி வகுக்க வேண்டும், அதற்கு ஈடும் கொடுக்க வேண்டும். கொரியாவின் கண்டுபிடிப்பு மேம்பாட்டுச் சட்டமும் இதே தடத்தில் நடக்கிறது.

ஈடு என்பது எவ்வளவு பெரிய சொல் என்பதை உலகம் அறிந்தது சூஜி நகமுராவின் வழக்கில். நிச்சியா நிறுவனத்தில் பணியாற்றியபோது பிரகாசமான நீல ஒளி உமிழும் டையோடை அவர் சாத்தியமாக்கினார். அதற்கு அவருக்குக் கிடைத்தது 20,000 யென். அவர் வழக்குப் போட, 2004 ஜனவரியில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அவருடைய பங்கை 6,040 கோடி யென் என்று மதிப்பிட்டு, அவர் கேட்டிருந்த 2,000 கோடியையும் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டில், 2005 ஜனவரியில், ஏறக்குறைய 84 கோடி யென்னுக்குச் சமரசம் ஆனது. 2014இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். ஜப்பானிய முதலாளிகள் அதிர்ந்துபோய்ச் சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். 2016 முதல், முன்கூட்டியே விதி வகுத்திருந்தால் உரிமை தொடக்கத்திலேயே நிறுவனத்துக்குப் போகலாம். அப்போதும் தகுந்த பலன் கொடுக்கும் கடமை சட்டத்தை விட்டுப் போகவில்லை.

நான் அதிக நேரம் நின்றது ஜெர்மன் சட்டத்தில். பணியாளர் கண்டுபிடிப்புகளுக்கென்றே 1957இல் அங்கே தனிச் சட்டம் வந்தது. பணி சார்ந்த கண்டுபிடிப்பைப் பணியாளர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 2009 அக்டோபர் முதல், நான்கு மாதத்துக்குள் முதலாளி விட்டுக்கொடுக்காவிட்டால் அதை எடுத்துக்கொண்டதாகவே கருதப்படும். எடுத்தால் நியாயமான ஊதியம் கொடுத்தாக வேண்டும். எப்படிக் கணக்கிடுவது என்பதற்கு 1959இல் வெளியான வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன. தகராறு வந்தால் காப்புரிமை அலுவலகத்திலேயே சமரச மன்றம் இருக்கிறது. வேலைக்குச் சம்பந்தமில்லாத, பணியாளர் தாமாகச் செய்த கண்டுபிடிப்பு அவருடையதே. ஆனால் அது முதலாளியின் தொழில்துறைக்குள் வருமானால், பணிக்காலத்தில் வேறு வழியில் பயன்படுத்துமுன், நியாயமான நிபந்தனையில் குறைந்தது ஒரு சாதாரண உரிமத்தை முதலாளிக்குக் கொடுக்க முன்வர வேண்டும். மூன்று மாதத்துக்குள் முதலாளி பதில் சொல்ல வேண்டும். நிலத்தை விற்குமுன் பக்கத்து வயல்காரரைக் கேட்கும் நம் ஊர் வழக்கம் போல.

அந்தச் சட்டத்தின் 22ஆம் பிரிவைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். பணியாளருக்குப் பாதகமாக இந்தச் சட்டத்தை மாற்றும் ஒப்பந்தத்தை முன்கூட்டியே போட முடியாது. கண்டுபிடிப்பைத் தெரிவித்த பிறகுதான் பேரம் பேசலாம். பிள்ளை பிறந்து, முகம் பார்த்த பிறகுதான் பத்திரம். ஒரே லாரியின் ஒரே பாகத்தில் ஜெர்மன் பணி ஒப்பந்தத்தில் இருக்கும் ஒருவரும் ஒரகடத்து ஒப்பந்தத்தில் இருக்கும் ஒருவரும் சேர்ந்து ஒரு தீர்வு கண்டால், முன்னவருக்கு ஊதியம் சட்டக் கடமை. பின்னவருக்கு அது நிறுவனத்தின் கொள்கையைப் பொறுத்தது. நல்ல நிறுவனங்கள் பரிசு கொடுக்கின்றன, மேடையேற்றுகின்றன. பரிசு வேறு, பாத்தியம் வேறு.

அமெரிக்கா நீதிமன்றத்தின் வழியாக இதே இடத்துக்கு வந்தது. அரசின் தர அளவீட்டு நிறுவனத்தில் வானொலிப் பிரிவில் இருந்த டன்மோர், லோவெல் என்ற இருவர், தங்களுக்கு இட்ட வேலைக்கு வெளியே, வீட்டு மின்சாரத்தில் வானொலியை இயக்கும் முறைகளைக் கண்டார்கள். தனியுரிமத்தை டூபிலியர் என்ற நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். காப்புரிமைகளைத் தனக்கே தர வேண்டும் என்று அரசு வழக்காடியது. 1933இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. கண்டுபிடித்தவர் உரிமையாளர், தன் நேரத்தையும் கருவிகளையும் கொடுத்த முதலாளிக்குக் கட்டணமில்லாமல் பயன்படுத்தும் பாத்தியம் மட்டும் உண்டு. அங்கே இதைப் பட்டறை உரிமை என்ற பொருள் வரும் பெயரால் சொல்கிறார்கள்.

இதுவரை பேசியது எஞ்சினியர்களைப் பற்றி. ஒரகடத்தின் புதுமைகளில் பெரும்பங்கு லைனில் நிற்பவர்களிடம் பிறக்கிறது. பாகத்தைத் தலைகீழாக மாட்ட முடியாதபடி ஃபிக்ஸ்சரில் ஒரு முளை வைப்பது, போல்ட் விழாமல் ட்ரேயைச் சாய்ப்பது, டார்க் ரெஞ்சு தூக்கும் கைக்கு ஓய்வு தரும் ஒரு ஸ்பிரிங் தொங்கல். கைசன் (தொடர் மேம்பாடு) என்று பலகையில் ஒட்டுவார்கள். போகா-யோகே (பிழைத் தடுப்பு) என்று பெயரிடுவார்கள். டொயோட்டா 1951இலேயே இதற்கென்று யோசனைத் திட்டம் தொடங்கியது.

இவற்றில் பல காப்புரிமைக்குத் தகாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தெரிந்த சாதனங்களை, ஒவ்வொன்றும் தன்போக்கில் இயங்கும்படி வெறுமனே மாற்றி அடுக்கினால் அது கண்டுபிடிப்பாகாது என்று இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவு தடுக்கிறது. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் கொரியாவிலும் சிறு கண்டுபிடிப்புகளுக்கென்று பயன்பாட்டு மாதிரி என்ற குறுகிய காலப் பாதுகாப்பு உண்டு. இந்தியாவில் இல்லை, 2011இல் மத்திய அரசின் தொழில்துறை ஒரு விவாத அறிக்கை வெளியிட்டது, அது சட்டமாகவில்லை. ஜெர்மன் சட்டமோ காப்புரிமைக்கு எட்டாத தொழில்நுட்ப யோசனையும் முதலாளிக்குத் தனியிடம் தருமானால் அதற்கும் ஊதியம் உண்டு என்கிறது. நம் லைனில் நிற்பவருக்கு முதலில் தேவைப்படுவது அப்படி ஒரு விதிதான் என்பது என் துணிபு.

இன்னொரு பக்கம், நிறுவனங்களே கவலைப்பட வேண்டிய ஒரு விரிசல் இருக்கிறது. லைனில் நிற்பவர்களில் பலர் கம்பெனியின் பணியாளரே அல்லர். ஒப்பந்தத் தொழிலாளி கையெழுத்திட்டது ஒப்பந்ததாரரிடம். அப்ரெண்டிஸ், 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, பயிற்சியாளரே தவிரத் தொழிலாளி அல்லர். இவர்களில் ஒருவர் கண்டது உண்மையிலேயே காப்புரிமைக்குத் தகுந்ததாக இருந்தால், அது எந்தப் பத்திரத்தின் வழியாக ஆலைக்குப் போகும்? ஒப்பந்ததாரரின் காகிதத்தில் கண்டுபிடிப்பைப் பற்றிய பத்தியே இல்லையென்றால், தாய்ப்பத்திரம் இல்லாத மனையை வாங்கிய கதைதான். அவர் பெயரை விட்டுவிட்டு மேலாளர் பெயரில் விண்ணப்பித்தால் இன்னும் மோசம். உரிமையில்லாதவர் விண்ணப்பித்துப் பெற்ற காப்புரிமையை காப்புரிமைச் சட்டத்தின் 64ஆம் பிரிவின்படி ரத்து செய்யலாம். போட்டி நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் தேடுவது இப்படிப்பட்ட ஓட்டையைத்தான்.

முதலாளிகளின் அச்சத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஒரு காப்புரிமை எதை நிறுத்த முடியும் என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. இரண்டு ஸ்பார்க் பிளக் எஞ்சினுக்கான பஜாஜின் 195904ஆம் எண் காப்புரிமையை வைத்து, டிவிஎஸ்ஸின் ஃப்ளேம் வண்டிக்கு 2008 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கும்வரை அது நீடித்தது. அத்தகைய ஆயுதம் கோபத்தோடு வேலையை விட்டுப்போன ஒருவர் கையில் இருந்தால் லைன் நின்றுவிடாதா என்று நிறுவனம் கேட்கும். நியாயமான கேள்வி. கண்டுபிடிப்பு முளைத்தது அவர்களுடைய மெஷினில், அவர்கள் கொடுத்த சம்பளத்தில் என்பதும் உண்மை.

அந்த அச்சத்துக்குக் கிரயம்தான் மருந்து என்பதில்லை. திரும்பப் பெற முடியாத, நிறுவனத்தின் எல்லா ஆலைகளுக்கும் பொருந்தும் உரிமம் போதும்; லைன் ஒருநாளும் நிற்காது. பணியாளர் தன் வீட்டில், தன் செலவில், தன் வேலைக்கு வெளியே செய்த கண்டுபிடிப்புக்கு இதுதான் இயல்பான ஏற்பாடு. போட்டியாளருக்குப் போகக்கூடாது என்றால் தனியுரிமம் வாங்கலாம். அதற்கு விலை கூடும். தனியுரிமம் பெற்றவர் 109ஆம் பிரிவின்படி தாமே வழக்குத் தொடரலாம் என்பதால், அந்த விலைக்கு அவருக்குப் பலனும் உண்டு.

நடுவழி என்று சொல்லி இரு பெயரிலும் காப்புரிமை எடுப்போம் என்ற யோசனை வரும். பணியாளர் இங்கேதான் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். 50ஆம் பிரிவின்படி கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் மற்றவருக்குக் கணக்குச் சொல்லாமல் தாமே பயன்படுத்தலாம். ஆனால் மற்றவரின் சம்மதம் இல்லாமல் உரிமம் கொடுக்கவோ தன் பங்கை விற்கவோ முடியாது. ஆலை வைத்திருப்பவர் முழுப் பலனையும் எடுத்துக்கொள்வார். ஆலை இல்லாதவர் யாரிடமும் போக முடியாது. கூட்டுப் பட்டாவில் பெயர் இருந்தும் வரப்பில் நிற்பவர் நிலைதான் மிஞ்சும்.

குத்தகை ஏடு எழுதுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில், பலகையில் ஒட்டுவதற்கு முன், பெட்டியில் போடுவதற்கு முன், தற்காலிக விண்ணப்பம். தனிநபர் இணையவழி விண்ணப்பித்தால் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரங்களைத் தர 12 மாத அவகாசம் உண்டு. கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகம்தான் நமக்கு. ரகசியக் காப்பு இல்லாமல் வெளியே சொல்லிவிட்டால் புதுமை போய்விடும். பிறகு குத்தகைக்கு விட நிலமே இருக்காது. விண்ணப்பிக்குமுன் பணி ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும்; அது ஏற்கெனவே கிரயமாக இருந்தால் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும். வேலையில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடுகள் பொதுவாகச் செல்லும் என்று 1967இல் கோலிகாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேலையை விட்ட பிறகு கண்டுபிடிப்பதும் எங்களுக்கே என்று நீளும் பத்தியை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவைக் கொண்டு எதிர்க்க இடம் இருக்கிறது.

பிறகு ஏட்டின் உள்ளே. வாரம் எதன் மேல் கணக்கிடப்படும்: விற்ற வண்டியின் மேலா, மிச்சமான நேரத்தின் மேலா? மூன்றாம் ஆண்டிலிருந்து 20ஆம் ஆண்டு வரை புதுப்பிப்புக் கட்டணம் யார் கட்டுவது? பயன்படுத்தாமல் பூட்டி வைத்தால் எத்தனை ஆண்டில் உரிமை திரும்பும்? பணியாளர் இறந்தால் வாரம் அவர் குடும்பத்துக்கு வருமா? கையெழுத்தான பின் காப்புரிமைச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி காப்புரிமைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏற்றாத ஆவணத்தை நீதிமன்றம் பொதுவாகச் சான்றாக எடுத்துக்கொள்ளாது. வில்லங்கச் சான்றில் வராத குத்தகையை வாங்குபவர் மதிக்க மாட்டார் என்பது போலத்தான். இந்திய அரசே இப்படிப்பட்ட தனிமனிதரை எதிர்பார்த்துச் சட்டம் எழுதியிருக்கிறது: 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஆர்ஆர்பி பிரிவு, தன் பெயரில் காப்புரிமை வைத்திருக்கும் உண்மையான முதல் கண்டுபிடிப்பாளருக்கு, ராயல்டியில் மூன்று லட்ச ரூபாய் வரை கழிவு கொடுத்தது. தன் உரிமையைக் கிரயம் எழுதிவிட்டவருக்கு அந்தக் கழிவு எட்டவில்லை.

ஆலை மூடினால் என்ன என்பதைப் பற்றியும் ஏட்டில் ஒரு வரி வேண்டும். இந்தச் சாலையில் அதை யாரும் கற்பனை என்று சொல்ல மாட்டார்கள். நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை ஐந்தாண்டு பூட்டிக் கிடந்தது. 2019இல் சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் அதை எடுப்பதாக அறிவிப்பு வந்தது. கிரயம் எழுதியிருந்தால், ஆலை கைமாறும்போது கண்டுபிடிப்பும் மெஷின்களோடு ஒரு பட்டியலில் சேர்ந்து போகும். குத்தகையாக இருந்தால், நிபந்தனைப்படி அது வீட்டுக்குத் திரும்பி வந்து, அடுத்த ஆலையின் வாசலில் நிற்க அந்த மனிதருக்குத் துணையாக இருக்கும்.

2024 செப்டம்பரில் தொடங்கி, சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்க அங்கீகாரம், ஊதியம், வேலை நேரம் என்ற அடிப்படைகளுக்கே போராட வேண்டியிருந்த இடத்தில் கண்டுபிடிப்பு உரிமை பற்றிப் பேசுவது ஆடம்பரம் என்று தோன்றலாம். ஆனால் சேரும் நாளின் காகிதத்தில் உள்ள அந்தப் பத்தியைத் தனி ஆளாக அடிக்கச் சொல்ல யாராலும் முடியாது. ஊதிய ஒப்பந்தம் பேசும் மேசையில் முடியும். கண்டுபிடிப்பாளர் பெயர் விடுபடக் கூடாது, ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அப்ரெண்டிஸுக்கும் சேர்த்து விதி இருக்க வேண்டும், உரிமை மாற்றம் கண்டுபிடிப்பைத் தெரிவித்த பிறகே கையெழுத்தாக வேண்டும். சட்டத் திருத்தத்துக்குக் காத்திராமல் இந்த மூன்றையும் ஓர் ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம்.

2024 மார்ச் மாதம் திருத்தப்பட்ட காப்புரிமை விதிகளின்படி, கண்டுபிடிப்பாளர் தன் பெயருக்கு ஒரு சான்றிதழ் கேட்டுப் பெறலாம். அதற்கான படிவம் 8ஏ. பணம் எதுவும் அதனால் வராது. பெயர் இருப்பதால் உரிமை எதுவும் பிறக்காது என்று காப்புரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவும் சொல்கிறது. ஆனாலும் கேட்டுப் பெற வேண்டிய காகிதம் அது. பல நிறுவனங்களின் ஒப்பந்தக் கட்டில் இன்னொரு காகிதமும் இருக்கும். சேருவதற்கு முன்பே நீங்கள் செய்த கண்டுபிடிப்புகளைப் பட்டியலிடுங்கள், அவை இந்த ஒப்பந்தத்தில் சேராது என்று சொல்லும் இணைப்பு. கல்லூரி இறுதியாண்டு பிராஜெக்ட், தாத்தாவின் வயலுக்காக மாற்றியமைத்த மோட்டார் ஸ்டார்ட்டர், பாலிடெக்னிக் பட்டறையில் செய்த கிளாம்ப் எல்லாவற்றுக்கும் அங்கே இடம் இருக்கிறது. பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.